கூடைக்குள் யாரை அடைப்பது

கவிழ்த்த கூடையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள் நோரா. எடுக்க மாட்டாள்.

"காலை எடும்மா. காயம் ஆறிப்போச்சு, வெளியே விடணும்," என்றார் அவள் அப்பா டொமினிக்.

கூடைக்குள் ஒரு பெட்டை வாத்து. பிடரியில் இறகே இல்லை. ஒரு கண்ணைச் சுற்றியிருந்த வீக்கம் இப்போதுதான் வற்றியிருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசியது அப்பாதான். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மருந்து போடுவதில் அவரைப்போல ஒரு ஆள் தொம்மலூரிலேயே கிடையாது.

காயம் எப்படி வந்தது என்ற பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்.

அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கொல்லையில் எல்லோர் கண்முன்னாலும் நடந்ததுதான். ஆறு பெட்டைகளுக்கு ஐந்து ஆண் வாத்துகள். ஐந்துக்கும் இந்த ஒன்றின் மேல்தான் கண். ஒன்று பிடரியைக் கவ்விக்கொண்டு ஏறும், அது இறங்குவதற்குள் அடுத்தது ஏறும். சிமெண்ட் தொட்டித் தண்ணீரில் தலையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆண் வாத்துக்குக் குரல் கிடையாது. வெறும் கரகரப்புதான். ஊரைக் கூட்டுவது பெட்டைதான். தெருவில் போகிறவர்களுக்கு அதன் சத்தம் மட்டும்தான் கேட்கும். சண்டைக்காரி அதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மற்ற வருஷமாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மிச்ச ஆண்களை அப்பா வெட்டிவிடுவார். இந்த வருஷம் வீட்டில் யாரும் கத்தியைத் தொடவில்லை. ஜனவரி பிறந்தும் ஐந்தும் கொழுத்துப்போய் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பா எட்டிப் பார்த்தார். "என்ன டொமினிக், வாத்துக்கு வைத்தியமா? கழுத்தைத் திருகி சாறு வெச்சிடப்பா, அஷ்டே, அவ்ளோதான்!"

நோராவின் முகத்தைப் பார்த்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஒண்டியா அடைச்சு வெச்சா ஏங்கியே செத்துடும்மா. ரெண்டு நாளைக்கு முன்னே பின்னே இருக்கும். கூட்டத்தோட சேர்ந்தா எல்லாம் சரியாயிடும்," என்றார் டொமினிக்.

நோராவுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். ஆபீசில் மேனேஜரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள். அப்பா முன்னால் நின்றால் மட்டும் பேச்சுக்குப் பதிலாக அழுகை வந்து தொலைக்கும். இன்றைக்கு அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கடிச்சது அதுங்க. அடைபட்டுக் கிடக்கிறது இதுவா? அடைக்கணும்னா அதுங்களை அடைப்பா."

அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "ஆம்பளை வாத்துன்னா அப்படித்தான்மா இருக்கும். பெட்டைதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

"அக்காவை அத்திபெலே பஸ்ஸில ஏத்திவிடறப்பவும் இதையேதான்பா சொன்னே."

கூடையை நோக்கி நீண்ட அவர் கை அப்படியே நின்றது.

பஸ் ஏறிப் போன ஜெசிந்தா நவம்பரில் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள் அவள் புருஷன் வீட்டில். சாவு விழுந்த வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. கேக் இல்லை. கறி இல்லை. அதனால்தான் ஐந்து ஆண் வாத்துகளும் உயிரோடு இருந்தன.

டொமினிக் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். ஆண் வாத்துகளைத் துரத்திப் பிடித்து, இரண்டு இரண்டாக அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து விறகுக் கொட்டாயில் விட்டார். கடைசி வாத்து அவர் கையைக் கொத்திக் கிழித்தது. அதையும் உள்ளே தள்ளித் தகரக் கதவைச் சாத்தினார். சாத்திய கதவிலேயே சாய்ந்து நின்றார்.

நோரா காலை எடுத்துக் கூடையைத் தூக்கினாள்.

பெட்டை வெளியே வந்தது. தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. மற்ற பெட்டைகளிடமும் போகவில்லை. கூடை இருந்த வட்டத்துக்குள்ளேயே திரும்ப உட்கார்ந்துகொண்டது.

"அது இங்கேயே இருக்கட்டும்மா," என்றார் டொமினிக். குரல் கரகரத்தது. "எங்கேயும் போக வேணாம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், கழுத்தில் அவர் பூசிவிட்ட மஞ்சளோடு, ஆகஸ்டு மாதம் முழுக்க இதே கொல்லையில் காத்திருந்தாள் ஜெசிந்தா.