யாரோ போட்ட சாவி

“தண்ணியில முங்கின வண்டிக்கு யாரோ சாவி போட்டிருக்காங்க. அதான் இப்படி வளைஞ்சு கிடக்குது” என்று சொல்லி, இன்ஜினுக்குள்ளிருந்து எடுத்த பிஸ்டன் ராடை முருகானந்தத்தின் கையில் கொடுத்தார் மெக்கானிக் வெள்ளியங்கிரி.

முருகானந்தம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு சாண் இரும்பு. நடுவில் லேசான ஒரு வளைவு, அவ்வளவுதான். இன்ஜின் பிளாக்கும் சேர்ந்து அடிவாங்கியிருக்கிறது, பலாப்பழ லோடு ஏற்றுகிற சீசன் முடிகிறவரை வண்டி எழுந்திருக்காது என்றார் வெள்ளியங்கிரி.

போன வாரம் கொட்டிய மழையில் வளப்பூர் நாட்டு ஓடை பெருகி, கரையில் நின்ற அவனுடைய பிக்கப் வண்டியை உருட்டிக்கொண்டு போய்த் தடுப்பணையில் தள்ளிவிட்டது. மூன்று நாள் கூரைவரைக்கும் தண்ணீர். ஜேசிபி வைத்து வெளியே இழுத்து, ஒரு ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்தி, மறுநாள் கயிறு கட்டிச் செம்மேட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். மழை செய்ததற்கு யாரை நொந்துகொள்வது என்று முருகானந்தமும் மனதைத் தேற்றியிருந்தான். இப்போது நொந்துகொள்ள ஓர் ஆள் இருப்பது தெரிந்துபோயிற்று.

உள்ளே தேங்கிய தண்ணீரை எடுக்காமல் சாவியைத் திருப்பினால் பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும், தண்ணீர் நசுங்காது, இரும்புதான் வளையும். முப்பது வருஷமாக மலையில் வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் வெள்ளியங்கிரி சொல்லிச் சொல்லி வாய் வலித்த சங்கதி இது. இன்றைக்கும் சொன்னார். ஆனால் முருகானந்தத்தின் முகத்தைப் பார்க்காமல், துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த மனைவி பிரபாவதி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஆறு மாசம். துணைக்கு வந்த முருகானந்தத்தின் தம்பி சபரீஷ் மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான். மலைப்பாதையின் எழுபது வளைவையும் தூக்கத்தில்கூடச் சொல்லுவான். வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

“வண்டி ஊட்டு வாசல்ல நின்ன ராத்திரி, சாவி யார்கிட்ட இருந்துச்சு?” என்று கேட்டான் முருகானந்தம்.

பிரபாவதி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சபரீஷ் முந்திக்கொண்டான்.

“நான்தாங்கண்ணா போட்டேன்.”

முருகானந்தம் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம், நாளைக்கே போய்ச் சேர்ந்துகொள், இனி என் வண்டி ஸ்டீயரிங்கில் உன் கை படக் கூடாது என்று மட்டும் சொன்னான். பிரபாவதி அழுதாள். சபரீஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

வெள்ளியங்கிரி துணியைக் கீழே போட்டார். இரண்டடி முன்னால் வந்து, அவசரப்பட வேண்டாம், ராடு வாங்க நானே நாமக்கல் போகிறேன், ராப்பகலாக உட்கார்ந்தாவது முடித்துத் தருகிறேன், தம்பியை மட்டும் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

“உங்களுக்கு நல்ல மனசுங்க” என்றான் முருகானந்தம். “இவன் செஞ்சதுகூடப் பரவால்லீங்க. செஞ்சுபோட்டு நாலு நாளா வாயத் தொறக்காம இருந்தான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.”

வெள்ளியங்கிரி அவன் கையிலிருந்த ராடை வாங்கி மேஜையில் வைத்தார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு அரைமணி முன்னதாகவே சபரீஷ் தோளில் பையோடு பட்டறைக்கு வந்துவிட்டான். பிரித்துப்போட்ட இன்ஜினை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“நான் சாவியத் தொடவே இல்லீங்க, மாமா.”

“அப்புறம் ஏன் கண்ணு ஒத்துக்கிட்டே?”

“அண்ணிதாங்க. அன்னைக்கு ராத்திரி வண்டிக்குக் கற்பூரம் காட்டிட்டு, சாமி கும்பிட்டுட்டுச் சாவியத் திருப்புச்சு. நான் ஜன்னல்ல இருந்து பார்த்தேன். சத்தமே வரலீங்க. ஒண்ணும் ஆகலைன்னுதான் நெனச்சேன். நீங்க ராடைக் காட்டினப்புறந்தான் புரிஞ்சுது. வயித்துப் புள்ளையோட இருக்குது. அண்ணன் பேசுனா தாங்காதுங்க.”

வெள்ளியங்கிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அண்ணனிடம் நான் வந்து பேசட்டுமா என்று கேட்டார். சபரீஷ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேண்டாங்க மாமா. யாரு போட்டாங்கன்னு இனிமே யாருமே பேச வேண்டாம். உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வராதுன்னு சொல்லுங்க.”

அவர் தலையை ஆட்டினார். ஆட்டும்போதே, ஆட்டியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

நாமக்கல் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான் சபரீஷ். பஸ் நகரும்போது வெள்ளியங்கிரி நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு நாலடி ஓடினார். வழியனுப்புகிறார் என்று நினைத்து அவனும் கையை ஆட்டினான். பஸ் முதல் வளைவில் திரும்பி மறைந்தது.

பிரபாவதி திருப்பியதில் சத்தம் வந்திருக்க முடியாது. மூன்று நாள் தண்ணீரில் கிடந்த பேட்டரி அப்போதே செத்துப்போயிருந்தது, இன்ஜின் அசைந்திருக்காது. பட்டறைக்கு வந்தபின் புது பேட்டரியை மாட்டிவிட்டு, தண்ணீரை எடுக்கும் முன்பே, போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, கைப்பழக்கத்தில் சாவியைத் திருப்பி, உள்ளே ‘டக்’கென்று இரும்பு வளைந்த சத்தத்தைக் கேட்ட ஒரே ஆள் வெள்ளியங்கிரிதான்.