மணல்மேட்டுக்கு அப்பால் ஒரு விசில்

ஆஸ்திரேலியாவின் செம்மண் பாலையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று குடும்பத்தோடு கிளம்பிய தணிகாசலம், "குறுக்கு வழிடா, எனக்குத் தெரியாதா?" என்று மகனைத் திருப்பிவிட்ட இடத்தில் வண்டி அச்சு வரை மணலில் புதைந்தது. போனில் சிக்னல் இல்லை. ஈ ஒவ்வொன்றும் புறா அளவு இருந்தது. வெயில் தாங்காமல் அவருடைய நிழலே வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"நல்லா வழி சொன்னீங்கப்பா. இந்தப் பக்கம் மாசத்துக்கு ஒரு வண்டி வந்தாலே பெரிசு," என்றான் முகுந்தன்.

மனைவி விசாலம் அடுப்பைப் பற்றவைத்து, ஊரிலிருந்து சுமந்து வந்த குக்கரில் அரிசியைப் போட்டு ஏற்றினாள்.

"இப்ப சோறு ஒண்ணுதான் குறைச்சலா?" என்றார் தணிகாசலம்.

குக்கர் அடித்த விசிலில் தொடுவானமே நாலு முழம் தள்ளிப் போய் நின்றது. மூன்றாவது விசில் அடங்கியதும், மணல்மேட்டுக்கு அப்பாலிருந்து இன்னொரு விசில் கேட்டது.

விசாலம் காதைச் சாய்த்துக் கேட்டாள். "அது பருப்பு. நாலஞ்சு பேர் இருப்பாங்க. ஏங்க, சோறு நம்மகிட்ட இருக்குன்னு போய்ச் சொல்லுங்க."

தணிகாசலம் செருப்பைக்கூட மாட்டாமல், வாழ்க்கையில் முதல்முறையாகக் குறுக்கு வழி தேடாமல், விசில் வந்த திசையில் நேராக ஓடினார்.