முரட்டு எழுத்து

“இந்த எழுத்து நீர் செய்ததுதானே, பிள்ளை?”

ஸ்ரீஸ்கந்தராசா மேசையில் அறைந்த தாளின் நாலு மூலையிலும் செலோடேப் தொங்கியது. வெள்ளவத்தையிலுள்ள அந்த அச்சகத்தில் கணினி முன் இருந்த டெனிஷா எட்டிப் பார்த்தாள்.

‘ஐந்தாம் மாடி அங்கிள், தயவுசெய்து ஆறு மணிக்குப் பிறகு பாடவும்.’

தென்னை ஈர்க்குக் கட்டொன்றை மையில் தோய்த்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, பிறகு அவள் கணினியில் எழுத்துருவாக ஏற்றிய எழுத்துத்தான். தடிப்பாக, ஓரமெல்லாம் சிலும்பி, மை தெறித்தபடி நிற்கும். நாடக விளம்பரத்துக்கும் கொத்து ரொட்டிக் கடைப் பலகைக்கும் அதைத்தான் கேட்டு வருவார்கள்.

“ஓம் அங்கிள். என்ர எழுத்துத்தான்.”

“எங்கட ஃபிளட்டில, லிஃப்டுக்குள்ள ஒட்டிக் கிடந்தது! ஐந்தாம் மாடியில பாடுறது நான் ஒராள்தான்.”

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். மூன்று மாதமாகச் சங்கீதம் பழகுகிறார். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கிவிடுவார்.

“எழுத்தைப் பாருமன், அடிக்க வாறவன் மாதிரி நிக்குது! நாலாம் மாடிப் பிரசாந்தின்ர வேலைதான். இண்டைக்கே பொலிசுக்குப் போறன்.”

“விடுங்கோப்பா, அந்தப் பொடியன் பாவம்” என்றாள், பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்த அவருடைய மனைவி சுபோதினி.

“நீர் சும்மா இரும்! பிள்ளை, ஆர் அடிப்பிச்சது எண்டு மட்டும் சொல்லும்.”

டெனிஷா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சொல்ல ஏலாது அங்கிள். இதை நெட்டில சும்மா போட்டிருக்கிறன். ஆரும் இறக்கி அடிக்கலாம். ஆனா ஒண்டு, எழுத்துத்தான் முரடு. வசனத்தைப் பாருங்க. ‘அங்கிள்’, ‘தயவுசெய்து’... பாட வேணாமெண்டும் சொல்லேல்ல. உங்கட பாட்டுப் பிடிச்ச ஆக்கள் போல.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். இம்முறை மெதுவாக, உதடு அசைய.

“பிடிக்குமெண்டோ சொல்லுறீர்?”

“பிடிக்காட்டி ‘வாயை மூடு’ எண்டெல்லோ எழுதியிருப்பினம்!”

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ரசிகர் கேட்டா மறுக்கக்கூடாது. சரி, நாளையிலையிருந்து ஆறு மணி!”

தாளைக் கசங்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஓட்டோ பிடிக்க வெளியே போனார்.

கதவு சாத்தியதும் சுபோதினி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

“தாங்க்ஸ் பிள்ளை, சொல்லிப்போடுவீரோ எண்டு பயந்துபோனன். மூண்டு மாசமா நான் வாயால சொன்னது ஒண்டும் அந்த மனுசனுக்கு ஏறேல்ல. இதே எழுத்தில இன்னொண்டு அடிச்சுத் தாரும்: ‘ஐந்தாம் மாடி அங்கிள், தேத்தண்ணிக்குச் சீனி குறைக்கவும்.’”