எட்டு வருஷத் தண்டச் செலவு

“சட்டைய மாத்திக்கினு வா. திருவள்ளூர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இந்தத் தண்டச் செலவ இன்னியோட முடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டு ஷைனி காரில் ஏறி உட்கார்ந்தாள்.

அவள் புருஷன் எட்வர்டுக்கு வாயெல்லாம் பல். இந்த ஹைப்ரிட் கார் வீட்டு வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து அதை விற்கச் சொல்லித் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியவன் அவன். எட்டு வருஷம் கழித்தாவது இவளுக்குப் புத்தி வந்ததே!

கார் சத்தமில்லாமல் கும்மிடிப்பூண்டித் தெருவைத் தாண்டியது. “பொணம் போற மாதிரி போவுது பாரு. இதெல்லாம் ஒரு வண்டி!” என்றான்.

வண்டி அவள் பேரில் இருந்தது. சிப்காட் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துத் தவணை கட்டி முடித்தவளும் அவள்தான். எட்வர்ட் வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது. தன்னை வைத்து வேலை வாங்கும் யோக்கியதை எந்த மேனேஜருக்கும் கிடையாது என்பது அவன் அபிப்பிராயம்.

“பெட்ரோல் மிச்சமாவும்னு வாங்குன. அடுத்த மாசம் பேட்டரி வாரண்டி முடியுது. அது பூட்டுச்சுன்னா லட்சக் கணக்குல டப்பு வேணும். நம்ம ஊரு மெக்கானிக் எவனும் கை வெக்க மாட்டான், எல்லாத்துக்கும் மெட்ராஸுக்கு ஓடணும். ஒரே பேஜாரு! வாங்கசொல்லவே யோசிக்க வாணாம்?”

“யோசிக்கலதான். பாக்க நல்லா இருந்துச்சு. போவப் போவத்தான செலவு தெரியுது.”

“அப்படி வா வழிக்கு! உங்க ஊட்டுல எவனுக்கு மூள இருந்துது, உனக்கு இருக்க?”

பெரியபாளையம் வருவதற்குள், வரப்போகிற பணத்தில் தனக்கென்று ஒரு பெரிய டீசல் வண்டியை மனசுக்குள் வாங்கிவிட்டான் எட்வர்ட். கறுப்பு நிறம்.

திருவள்ளூரில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் திருப்பத்தில் ஷைனி திரும்பவில்லை. நேராகப் போய்க் கோர்ட் வாசலில் நிறுத்தினாள். அங்கே காத்திருந்த பெண் வக்கீல் காருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, எட்வர்டை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவர்தானா? மனு ரெடியா இருக்கும்மா.”

“வண்டி விக்கறதுக்கு வக்கீலு எதுக்குடி?” என்றான் எட்வர்ட்.

ஷைனி முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினாள்.

“வண்டி எங்கூடவேதான் இருக்கும். நீதான்யா போற.”