கம்பத்துக்கு எந்தப் பக்கம்

அம்பலவாணனும் அவர் மனைவி மனோன்மணியும் மொட்டைமாடியில் இரண்டு பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்து முப்பது வருஷமாக ஒரே சண்டையைப் போட்டார்கள். மேற்கே வெள்ளி தெரிய ஆரம்பித்ததும் அவர் சொல்வார், "எதிர்ல ஆன்டெனா கம்பத்துக்கு வலது பக்கம் நிக்குது பாரு."

"இடது பக்கங்க. இங்க வந்து உட்கார்ந்து பாருங்களேன்" என்பாள் அவள்.

"நான் ஏன் வரணும்? நீ வா."

இரண்டு பேருமே போனதில்லை.

அவளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் உட்கார நாற்காலிகள் கீழே போயின. எல்லோரும் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரோ அவற்றை மேலே கொண்டுவந்து இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் அவர் கைப்பிடி உடைந்த தன் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தார். வெள்ளி கம்பத்துக்கு இடது பக்கம் நின்றது. இத்தனை நாளில் நகர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்தார். அவள் இடத்தில் உட்கார்ந்திருப்பது அப்புறம்தான் உறைத்தது. எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போனார். வலது பக்கம்.

"வலதுதான்" என்றார் சத்தமாக. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, "இடதுங்க" என்றார். மறுபடி இங்கே வந்து, "உனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றார்.

பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் வெள்ளி இறங்கும்வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.