மாதுளம்பழம் ஏந்திய கை

ஓர் அருங்காட்சியகத்தில் பளிங்குப் பெண்சிலை ஒன்று நின்றது. மிகப் பழைய சிலை ஒன்றைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்த நகல் அது. ஒருநாள் அந்த அசல் சிலையையே கண்காட்சிக்காகக் கொண்டுவந்து அதன் எதிரில் நிறுத்தினார்கள்.

"நகல்தானேடி நீ? நான் ஆயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தவ. உனக்கு என்ன சரித்திரம் இருக்கு?" என்றது அசல்.

"ஏன் இல்ல? ஒரு பிரபு மாளிகையில நின்னேன். அவர் நொடிச்சுப்போனதும் ஒரு ஜமீன்தார் ஏலத்துல எடுத்தார். அவர் தோட்டத்துல என் தோள்மேல ஈரத்துண்டு காயப்போட்டாங்க. அப்பவும் நான் தலை குனியல."

"என்ன இருந்தாலும் என்னைப் பார்த்துச் செஞ்ச சிலைதானே நீ?"

"ஆமா. ஆனா அப்ப உனக்கு வலது கையே கிடையாது. கையில மாதுளம்பழம் இருந்தா நல்லாருக்கும்னு என் சிற்பிதான் சொந்தமா யோசிச்சு எனக்கு ஒரு கை செஞ்சான். அப்புறம் உன்னைச் செப்பனிட்டவங்க என்கிட்ட வந்துதான் அளவெடுத்தாங்க."

அசல் மெல்லத் தன் வலது கையைப் பார்த்தது. அதில் ஒரு மாதுளம்பழம் இருந்தது.

"நகல் பிடிக்கலேன்னா, அந்தக் கையைக் கழட்டிக் கொடுத்துடு" என்றது நகல் சிலை.