சண்டைக்கு ஒரு காரணம்

"ஊருக்கெல்லாம் அளவு பார்த்துத் தைச்சீங்க. என் தம்பி கல்யாணத்துக்கு எனக்குத் தைச்ச ஜாக்கெட் மட்டும் கை ஏறல. மறந்துடுவேன்னு நினைச்சீங்களா?"

டயாலிசிஸ் வார்டே திரும்பிப் பார்த்தது.

"சதை போட்டது யாரு? நானா?" படுக்கையிலிருந்து சீறினார் தையல்காரர். கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குள் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் மனைவி விடுவதாக இல்லை.

"ஆமா, எதுக்கும் என்னைத்தானே சொல்வீங்க. உங்க அக்காவை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதே!"

"என் அக்காவை ஏன்டி இழுக்கிறே?"

வாரத்தில் மூன்று நாள் இதே கூத்து. மெஷின் ஓட ஆரம்பித்தால் அந்த அம்மாள் வாயும் ஓட ஆரம்பிக்கும். மெஷினை நிறுத்தினால்தான் இதுவும் நிற்கும்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த வாத்தியார் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "ரத்தத்தை மெஷின் சுத்தம் பண்ணுது. இந்தம்மா வாயை எது சுத்தம் பண்ணும்?"

புதிதாக வேலைக்கு வந்திருந்த நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. செத்துப் பிழைக்கிற புருஷனிடம் பேசுகிற பேச்சா இது? நேராகப் போய் நின்றாள்.

"கொஞ்சம் சும்மா இருக்க மாட்டீங்களாம்மா? அவர் நோயாளி. இனிமே நீங்க வெளியிலயே உட்காருங்க."

அந்த அம்மாள் என்னவோ சொல்ல வந்தாள். கணவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த முறை வராந்தா பெஞ்சோடு நின்றுவிட்டாள். "இப்பதான் இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார் வாத்தியார்.

"அவ முன்னெல்லாம் இப்படி இல்ல சிஸ்டர்" என்றார் தையல்காரர். "முகம் சுளிச்சுக்கூடப் பேச மாட்டா. நான் படுக்கையில விழுந்ததும் என்னை வெறுத்துட்டா."

அவர் கண் கலங்கியது. நர்ஸுக்கும்தான்.

கொஞ்ச நேரத்தில் அவர் கால் ஆட ஆரம்பித்தது. முதலில் பாதம். அப்புறம் முழங்கால். அப்புறம் கட்டிலே கிடுகிடுத்தது.

"தையல்காரர் இங்கயும் வந்து மெஷின் மிதிக்கிறாரு!" என்று யாரோ சிரித்தார்கள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "காலுக்குள்ள பூச்சி ஊறுது சிஸ்டர். எழுந்து நடந்தாத்தான் அடங்கும்."

எங்கே நடப்பது? மெஷினோடு கட்டிப்போட்ட உடம்பு. சிறுநீரகம் போனவர்களில் நிறையப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. வலி என்றும் சொல்ல முடியாது, அரிப்பு என்றும் சொல்ல முடியாது. கால் சும்மா இருக்காது, அவ்வளவுதான். இவருக்கு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. நர்ஸ் காலை அமுக்கிவிட்டாள். வெந்நீர்ப் பை வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

"கழட்டி விடு தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

எழ முயன்றார். ஊசி நகர்ந்து படுக்கையெல்லாம் ரத்தம். பாதியிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பாதியில் விட்டால் உடம்பில் சேர்ந்த தண்ணீர் சும்மா விடுமா? அடுத்த முறை அவர் வந்தது ஸ்ட்ரெச்சரில். முகம் வீங்கியிருந்தது, மூச்சு இழுத்தது. ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் பேச்சே வந்தது.

"இன்னிக்கும் பாதியில நிறுத்தினா ஆள் தாங்க மாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

நர்ஸ் வராந்தாவுக்கு ஓடினாள்.

"முன்னெல்லாம் முழு நேரமும் கால் ஆடாமப் படுத்திருந்தாரேம்மா! என்னதான் பண்ணினீங்க?"

"சண்டை போட்டேன்."

"சண்டையா?" என்றாள் நர்ஸ்.

"ஒருநாள் நிஜமாவே எங்களுக்குள்ள வாய்த்தகராறு. அவருக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. மெஷின் நிக்கிற வரைக்கும் கால் அசையவே இல்ல. அன்னிலேர்ந்து பார்க்கிறேன் சிஸ்டர். நான் சும்மா இருந்தா அவர் கால் சும்மா இருக்காது."

"இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லிட்டா அப்புறம் கோபம் எப்படி வரும்?" அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னை வெறுத்தா வெறுத்துட்டுப் போகட்டும். ஆள் இருந்தாப் போதும்."

நர்ஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. உள்ள வாங்க. இஷ்டத்துக்குத் திட்டுங்க. வாத்தியாரை நான் சமாளிச்சுக்கறேன்."

அந்த அம்மாள் எழுந்தாள். கதவு வரை வந்தவள் நின்றுவிட்டாள். நர்ஸின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் சிஸ்டர் ஏதாவது யோசிச்சுச் சொல்லணும். இருந்த குறை, இல்லாத குறை எல்லாத்தையும் சொல்லித் தீர்த்துட்டேன். இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே... இன்னிக்கு எதைச் சொல்லித் திட்டுவேன்?"